கல்லுல என்ன எழுதிருக்கு: ஜட்ஜுங்க சமாதி தேடி அஞ்சு நாள்

முதல் நாள், ஆர்லிங்டன்

மக வீட்டுக்கு வந்து மூணு வாரமாச்சு. வர்ஜீனியால ஹெர்ண்டன்னு ஒரு ஊரு, தடுக்கி விழுந்தா நம்மாளுங்கதான். கோயிலு, இந்தியன் கடை, மால் எல்லாம் முடிஞ்சது. இனிமே எங்க போகலாம்பான்னு மக கேட்டா, நான் சமாதிக்குன்னு சொன்னேன். வீட்டம்மா முறைச்ச முறை இருக்கே. மாப்ள நல்ல மனுஷன், சிரிச்சிக்கிட்டே "யார் சமாதி மாமா"ன்னாரு. இந்த ஊரு சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுங்க சமாதின்னேன்.

பழக்கமில்லாதவங்களுக்கு ஒரு வரி: நான் மதுரைல முப்பத்தி ரெண்டு வருஷம் வக்கீல் குமாஸ்தா. எங்க சீனியருக்கு அமெரிக்கத் தீர்ப்புன்னா உசுரு, ஆர்குமெண்ட் நோட்டுல எங்கயாவது ஹோம்ஸ் சொன்னாரு ஹார்லன் சொன்னாருன்னு போட்டுருவாரு, அதை டைப் அடிச்சு அடிச்சு இவங்க பேரெல்லாம் எனக்கு ஒண்ணுவிட்ட சொந்தக்காரங்க மாதிரி ஆயிருச்சு. சீனியர் இப்ப இல்ல. அவர் பாக்காததை நான் பாத்துட்டுப் போறேன், அவ்வளவுதான்.

மெட்ரோல ராஸ்லின் வந்து அங்க ப்ளூ லைன் மாறுனா அடுத்த ஸ்டேஷனே ஆர்லிங்டன் கல்லறை. டிக்கெட் கிடையாது, பையை ஸ்கேன்ல போட்டு வாங்கிட்டு விட்டுடறாங்க. 600 ஏக்கருக்கு மேல, 4 லட்சத்துக்கும் மேல சமாதி, எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் வெள்ளைக் கல்லு நூல் பிடிச்ச மாதிரி வரிசையா நிக்குது. நம்ம கிளாஸ்ல கூட இப்படி டிஸிப்ளின் இருந்ததில்ல.

இந்த இடமே ஒரு கேஸ்ல வந்ததுதான், அதை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா குமாஸ்தா புத்தி அங்கதான் போகுது. மேட்டு மேல ஒரு பெரிய வீடு இருக்கு, அது உள்நாட்டுப் போர்ல தெற்குப் பக்கம் நின்ன ஜெனரல் ராபர்ட் லீயோட சம்சாரம் வீடு. போர் நேரத்துல அரசாங்கம் வரி போட்டுச்சு, 92 டாலர் 7 சென்ட். அந்தம்மாவுக்கு உடம்பு முடியல, சொந்தக்காரர் ஒருத்தர்கிட்ட காசு குடுத்து அனுப்புனாங்க, ஆபீஸ்ல ஓனரே நேர்ல வந்து கட்டணும்னு திருப்பி அனுப்பிட்டான். கட்டலன்னு ஏலம் விட்டு 1864ல அரசாங்கமே 26,800 டாலருக்கு எடுத்துக்கிச்சு. (வில்லங்கம் எங்க ஆரம்பிக்குது பாத்தீங்களா, கவுண்டர்ல.) பிற்பாடு அவங்க மகன் கேஸ் போட்டாரு, 1882ல சுப்ரீம் கோர்ட் அஞ்சுக்கு நாலுன்னு அவர் பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு, அரசாங்கம் செஞ்சது தப்பு, நிலம் அவருதுன்னு. அதுக்குள்ள ஆயிரக்கணக்குல சிப்பாய்களைப் புதைச்சாச்சு, என்ன பண்றது, மறு வருஷம் 1,50,000 டாலர் குடுத்து முறைப்படி கிரயம் வாங்குனாங்க. கிரயத்தை வாங்கிக்கிட்ட யுத்த மந்திரி யாருன்னா ராபர்ட் டாட் லிங்கன், ஆபிரகாம் லிங்கன் மகன். லீ மகன் விக்கிறாரு, லிங்கன் மகன் வாங்குறாரு. சீனியர் இருந்தா இதை வச்சே ஒரு மணி நேரம் பேசிருப்பாரு.

அஞ்சாம் நம்பர் செக்‌ஷன், கென்னடி சமாதிக்கு ஏறிப்போற வழிக்குப் பக்கத்துல. கூட்டமெல்லாம் கென்னடிக்குப் போகுது, இங்க எங்களைத் தவிர ஸ்கூல் பிள்ளைங்க ஒரு கூட்டம் மட்டும். ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ். கல்லுல முதல்ல போட்டிருக்கறது கேப்டன், பிரெவெட் (கௌரவ) கர்னல், 20வது மாசசூசெட்ஸ் காலாட்படை, உள்நாட்டுப் போர். அப்புறம்தான் சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ். முப்பது வருஷம் உக்காந்த நாற்காலிய விட மூணு வருஷம் போட்ட யூனிஃபார்ம் பெருசா இருந்திருக்கு. மூணு தடவை குண்டடி பட்டவரு, 1935ல 94 வயசு ஆக ரெண்டு நாள் இருக்கும்போது போய்ச் சேந்தாரு. சொத்துல மிச்சம் இருந்ததை நாட்டுக்கே எழுதி வச்சிட்டாரு. பக்கத்துல வில்லியம் டக்ளஸ், 36 வருஷத்துக்கு மேல, இதுவரைக்கும் அவர் அளவுக்கு யாரும் அந்தக் கோர்ட்ல உக்காந்ததில்ல, அவர் கல்லுலயும் ஆர்மில பிரைவேட், அதாவது சாதாரணச் சிப்பாய்னு போட்டிருக்கு. காலேஜ்ல படிக்கறப்ப 1918ல மாணவர் பயிற்சிப் படைல சில வாரம் இருந்ததுதான் அது, அதை வச்சு சிப்பாய்னு போடலாமா கூடாதான்னு பின்னாடி பெரிய சண்டையே நடந்திருக்கு.

துர்கூட் மார்ஷல் இங்கதான். இவர் கல்லு முன்னாடி மட்டும் செருப்பைக் கழட்டணும் போல இருந்துச்சு, கழட்டல, புல்லு ஈரம். வக்கீலா சுப்ரீம் கோர்ட்ல 32 கேஸ் ஆர்கியூ பண்ணி 29 ஜெயிச்சவரு, வெள்ளைப் பிள்ளைக்கு ஒரு ஸ்கூல் கறுப்புப் பிள்ளைக்கு ஒரு ஸ்கூல்ங்கறதை 1954ல உடைச்சவரு, அப்புறம் 1967ல அதே கோர்ட்ல முதல் கறுப்பின ஜட்ஜ். பிரென்னன், பிளாக்மன், ஸ்டூவர்ட் எல்லாம் சுத்தியே இருக்காங்க. பிளாக்மன் 1973ல கருக்கலைப்பு உரிமைன்னு எழுதுனதை 2022ல அதே கோர்ட்டே தூக்கிப் போட்டிருச்சு, படுத்திருக்கவருக்கு அப்பீல் கிடையாது.

ரூத் பேடர் கின்ஸ்பர்க் கல்லு மேல கூழாங்கல்லா வச்சிருந்தாங்க, யூதர்ங்க வழக்கம் அது, பூவுக்குப் பதில் கல்லு. வீட்டம்மா கேட்டா, இந்தம்மா பட்டாளத்துல இருந்தாங்களான்னு. இல்ல, புருஷன் இருந்தாரு, அவரு 2010ல இங்க வந்துட்டாரு, சம்சாரம்ங்கற முறைல இவங்க பத்து வருஷம் கழிச்சு வந்தாங்கன்னேன். "அவ்வளவு பெரிய ஜட்ஜு, புருஷன் கார்டுலதான் உள்ள வரணுமா"ன்னா. கோர்ட்டு ஜட்ஜுங்களுக்கும் தனி விதி இருக்கு, அதுக்கும் கொஞ்ச நாளாவது பட்டாளம் பாத்திருக்கணும்.

வெளிய வர்ற வழில டாஃப்ட். ஜனாதிபதியாவும் இருந்து தலைமை நீதிபதியாவும் இருந்த ஒரே ஆளு. 14 அடி உயரக் கருங்கல்லு, மத்தவங்க கல்லுக்கு முன்னாடி இது தேர் மாதிரி. இன்னைக்கு வெள்ளை வெளேர்னு நிக்கற சுப்ரீம் கோர்ட் கட்டடம் இவர் அலைஞ்சு வாங்குனது, 1935ல திறந்தாங்க, இவர் 1930லயே போயிட்டாரு. அதுவரைக்கும் கோர்ட்டு பார்லிமெண்ட் கட்டடத்துல ஒண்டிக் குடித்தனம். டாஃப்ட் படிச்சது யேல்ல. அந்த யேல் பேரு எலிஹு யேல்ங்கறவரால வந்தது, அவர் நம்ம மெட்ராஸ் கோட்டைல கவர்னரா இருந்தவரு, சின்ன வயசுலயே செத்துப்போன அவர் மகனோட சமாதி இன்னும் ஹைகோர்ட் பக்கத்துல பழைய லா காலேஜ் வளாகத்துல கூர் கோபுரமா நிக்குது. எத்தனை தடவை அதைத் தாண்டி டீ குடிக்கப் போயிருப்பேன், ஒரு நாள் நின்னு படிச்சதில்ல.

ரெண்டாம் நாள், வாஷிங்டன்

கால் வலி. காலைல வேணாம்னு இருந்தேன், மாப்ள லீவு போட்டுட்டாரு, அதனால கிளம்பியாச்சு.

ஜார்ஜ்டவுன்ல ஓக் ஹில் கல்லறை, சரிவுல படிப்படியா இறங்குது, வீட்டம்மா மேலயே பெஞ்சுல உக்காந்துட்டா. இங்க ஒருத்தர் எட்வின் ஸ்டாண்டன், லிங்கனோட யுத்த மந்திரி. 1869 டிசம்பர் 20ம் தேதி இவரை சுப்ரீம் கோர்ட் ஜட்ஜா செனட் (இந்த ஊரு மேல்சபை) ஒத்துக்கிச்சு, 24ம் தேதி செத்துட்டாரு, பதவிப் பிரமாணம் எடுக்கல. அதனால ஜட்ஜுங்க லிஸ்ட்ல சேத்துக்கறதில்ல. ஆர்டர் கைக்கு வந்தும் ஜாயின் பண்ணாதவன் சீனியாரிட்டி லிஸ்ட்ல வரமாட்டான், எல்லா ஊர்லயும் அதே ரூல்தான். தலைமை நீதிபதி சேஸையும் முதல்ல இங்கதான் புதைச்சாங்க, 1886ல எடுத்து சின்சினாட்டிக்குக் கொண்டு போயிட்டாங்க. 10,000 டாலர் நோட்டுல படம் போட்ட ஆளு.

சாயங்காலம் ராக் கிரீக் கல்லறை. இது ஊருக்குள்ளயே, பெட்வொர்த் பக்கம், பெரிய மரமா இருக்கு. நான் வந்ததே ஜான் மார்ஷல் ஹார்லனுக்காகத்தான். 1896, பிளெஸி கேஸ், ரயில்ல கறுப்பங்களுக்குத் தனிப் பெட்டி போடறது சரியான்னு கேள்வி. ஏழு பேர் சரின்னாங்க, ஹார்லன் ஒருத்தர் மட்டும் இல்லன்னாரு, நம்ம அரசியல் சட்டத்துக்கு நிறக்குருடுன்னு எழுதுனாரு, அதாவது அது தோல் நிறம் பாக்காதுன்னு. இத்தனைக்கும் கென்டக்கில அடிமைங்க வச்சிருந்த குடும்பத்துல பிறந்தவரு. 58 வருஷம் கழிச்சு துர்கூட் மார்ஷல் அந்தத் தீர்ப்பை உடைக்கப் போகும்போது மனசு சோர்ந்தா இந்த டிஸ்ஸென்ட்ட, அதாவது ஹார்லன் தனியா எழுதுன மாறுபட்ட தீர்ப்பை, எடுத்து உரக்க வாசிப்பாராம்.

எங்க சீனியர் இந்த வரிய எத்தனையோ அபிடவிட்ல சேத்திருப்பாரு. ஆனா அதே டிஸ்ஸென்ட்ல கொஞ்சம் தள்ளி சீனாக்காரங்களைப் பத்தி ஹார்லன் எழுதிருக்கறது நல்லா இல்ல, அந்த இனத்தோட நமக்கு ஒட்டே இல்லங்கற மாதிரி எழுதுறாரு. அந்தப் பாராவை சீனியர் டைப் பண்ணச் சொன்னதே இல்ல, நானா ஒரு நாள் புக்கைப் புரட்டும்போதுதான் பாத்தேன். கேட்டதுக்கு, "நமக்கு வேண்டியது எதுவோ அதை மட்டும் எடுடா"ன்னாரு.

கேஸ் போட்ட ஹோமர் பிளெஸி எங்க இருக்காருன்னு மாப்ள அங்கயே நின்னு போன்ல தேடுனாரு. நியூ ஆர்லியன்ஸ், செயின்ட் லூயிஸ் ஒண்ணாம் நம்பர் கல்லறை. அந்த ரயில் பெட்டில உக்காந்த குத்தத்துக்கு 2022ல கவர்னர் மன்னிப்பு குடுத்திருக்காரு. ஆளு செத்து தொண்ணூறு வருஷத்துக்கு மேலாச்சு. எனக்கு அது மண்டைல ஏறிருச்சு. நான் தேடறதெல்லாம் ஜட்ஜையே தேடறேன், கட்சிக்காரனைத் தேடலயேன்னு. முப்பத்தி ரெண்டு வருஷம் சோறு போட்டது கட்சிக்காரன்தானே.

மூணாம் நாள், ஃப்ரெடரிக்

மேரிலாண்டுல ஃப்ரெடரிக், கார்ல ஒரு மணி நேரம். வழியெல்லாம் பச்சை, நடுவுல ஒரு ஆறு, பொட்டோமாக். இட்லியும் மிளகாப்பொடியும் கட்டி எடுத்துட்டுப் போயிருந்தோம்.

செயின்ட் ஜான் கத்தோலிக்கக் கல்லறை, சின்னதுதான், தெருவோரத்துல. ரோஜர் டேனி, 28 வருஷம் தலைமை நீதிபதி, அம்மா பக்கத்துலயே படுத்திருக்காரு. சம்சாரம் இதே ஊர்ல வேற கல்லறைல, மவுண்ட் ஆலிவெட்ல. இவர் கத்தோலிக்கர், அவங்க வேற சபை, உசுரோட இருக்கறப்ப ஒரே வீடு, அப்புறம் வேற வேற.

1857. டிரெட் ஸ்காட்னு ஒரு அடிமை, எசமான் என்னை அடிமைத்தனம் இல்லாத மாகாணத்துக்குக் கூட்டிப் போயிருக்காரு, அதனால நான் சுதந்திர மனுஷன்னு கேஸ் போட்டாரு. டேனி என்ன எழுதுனாருன்னா, ஆப்பிரிக்க வம்சத்துல வந்தவன் இந்த நாட்டுக் குடிமகனே கிடையாது, அதனால கோர்ட்டுக்கு வரவே அவனுக்கு உரிமை இல்லன்னு. மெரிட்ஸே, அதாவது யார் பக்கம் நியாயம்னே பாக்காம, கேஸே நிக்காது, மெயின்டெய்னபிள் இல்லன்னு தூக்கிப் போடறதுன்னா கூட பரவால்ல, இவர் அதோட நிறுத்தாம மெரிட்ஸுக்கும் போய், இன்னும் மாகாணம் ஆகாத பகுதிங்கள்ல அடிமைத்தனத்தைத் தடுக்க காங்கிரசுக்கே (இந்த ஊரு பார்லிமெண்ட்) அதிகாரம் இல்லன்னுட்டாரு. நாலு வருஷத்துல போர். டேனி செத்தது 1864 அக்டோபர் 12, அவர் சொந்த மாகாணமான மேரிலாண்ட் அடிமைத்தனத்தை ஒழிக்கலாமான்னு ஓட்டு போட்டது அதே 12, 13ம் தேதிங்கள்ல.

அன்னைக்கே பார்லிமெண்ட் கட்டடத்துல இவர் சிலை வேணாம்னு செனட்ல சண்டை. பத்து வருஷம் இழுத்து 1874ல சேஸுக்கும் சேத்து ஒண்ணா நிதி ஒதுக்கி வச்சாங்க. இப்ப 2022ல அதை எடுத்துட்டு அந்த இடத்துல துர்கூட் மார்ஷல் சிலை வைக்கணும்னு சட்டம் போட்டுட்டாங்க. இந்த ஊரு சிட்டி ஹால்லயும் சிலை இருந்திருக்கு, 2017ல எடுத்தாச்சு, அனாபொலிஸ்ல மாகாண சபை முன்னாடி இருந்ததையும் அதே வருஷம் ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டாங்க. சிலைங்களை இப்படி ஒவ்வொண்ணா எடுத்தும் இந்தக் கல்லு மட்டும் இங்க அப்படியே இருக்கு. யாரும் இதைப் பேத்து எடுக்கணும்னு கேக்கல, சமாதிங்கறதால விட்டுட்டாங்க போல.

அனாபொலிஸ் சிலையை எடுக்கறதுக்கு அஞ்சு மாசம் முன்னாடி, அது முன்னாடியே டேனி வம்சத்துல ஒருத்தர் நின்னு ஸ்காட் வம்சத்துக்காரங்ககிட்ட மன்னிப்பு கேட்டிருக்காரு, தீர்ப்பு வந்து சரியா 160 வருஷம். டிரெட் ஸ்காட், தீர்ப்புக்கப்புறம் சில மாசத்துலயே பழைய எசமான் குடும்பத்து ஆளுங்களாலயே விடுதலை ஆகி, மறு வருஷம் காசநோய்ல செத்துட்டாரு. செயின்ட் லூயிஸ்ல கால்வரி கல்லறை, நூறு வருஷம் அவர் தலைமாட்டுல பேரே கிடையாது, 1957லதான் கல்லு வச்சாங்க. இப்ப ஜனங்க அது மேல ஒத்த சென்ட் காசு வைக்கிறாங்களாம், லிங்கன் முகம் இருக்கற காசு. அது ரொம்ப தூரம், போக முடியாது.

மவுண்ட் ஆலிவெட்டையும் ஒரு சுத்து சுத்துனோம். தாமஸ் ஜான்சன்னு ஒரு ஜட்ஜ், 1793ல ராஜினாமா, மொத்தமா ஒண்ணரை வருஷம் கூட உக்காரல. காரணம் என்னன்னா அந்தக் காலத்துல சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுங்க குதிரை வண்டில ஊரு ஊராப் போய் சர்க்யூட் கேஸும் கேக்கணும், முதுகு தாங்கல. மதுரைக்கு பெஞ்ச் வர்றதுக்கு முன்னாடி வாராவாரம் மெட்ராஸ் பஸ்ல கேஸ்கட்டோட போயிட்டு வந்தவன் நான், இந்த மனுஷனோட வலி எனக்குத் தெரியும்.

நாலாம் நாள், மவுண்ட் வெர்னான் வழியா ரிச்மண்ட்

மவுண்ட் வெர்னான், ஜார்ஜ் வாஷிங்டன் வீடு, டிக்கெட் விலை ஜாஸ்தி. அவர் தம்பி மகன் புஷ்ராட் வாஷிங்டன் 31 வருஷம் சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ், வீடும் அவருக்குத்தான் வந்துச்சு, அதே குடும்ப சமாதிலதான் இருக்காரு, முன்னாடி ஒரு கூர்த்தூண் அவருக்கு. கூட்டம் பூரா பெரியப்பாவைப் பாக்க நிக்குது. 1829ல புஷ்ராட் பிலடெல்பியால செத்தாரு, உடம்பைக் கொண்டு வர்ற வழிலயே சம்சாரமும் போயிட்டாங்க. வீட்டம்மா இதைக் கேட்டு ரொம்ப நேரம் பேசல.

ரிச்மண்ட்ல ஷாக்கோ ஹில் கல்லறை. ஜான் மார்ஷல். சட்டம் செல்லுமா செல்லாதான்னு சொல்ற அதிகாரம் கோர்ட்டுக்குத்தான்னு 1803ல மார்பரி கேஸ்ல எழுதுனவரு, 34 வருஷம் தலைமை நீதிபதி, நம்ம கோர்ட்டுங்க ஒரு சட்டத்தை அடிச்சு விடுதுன்னா அந்த ரோடு போட்டவங்கள்ல இவரும் ஒருத்தர். கல்லுல என்ன எழுதிருக்குன்னு பாத்தா, தாமஸ் மேரி மார்ஷல் தம்பதி மகன், 1755 செப்டம்பர் 24 பிறப்பு, 1783 ஜனவரி 3 மேரி வில்லிஸ் ஆம்ப்ளரோட கல்யாணம், 1835 ஜூலை 6 மறைவு. முடிஞ்சது. ஜட்ஜுன்னு ஒரு வார்த்தை கிடையாது. சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அவரே எழுதி வச்ச வாசகமாம், தேதி மட்டும் அப்புறம் போட்டது. நம்மூர்ல ரிட்டயர்டு ஆர்டிஓ வீட்டு வாசல்ல கூட பேருக்குக் கீழ மூணு லைன் ஓடும். நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்னேன். இந்த அஞ்சு நாள்ல எனக்குப் பிடிச்ச கல்லு இதுதான்.

அப்புறம் ரோட்டைத் தாண்டுனோம். எதிர்ப்பக்கம் மூடிக் கிடக்கற ஒரு பழைய பெட்ரோல் பங்க், புல்லு, ரயில் பாதை, ஹைவே. அதுக்கு அடியில 22,000க்கும் மேல கறுப்பின ஜனங்களைப் புதைச்சிருக்காங்க, அடிமைங்க, அடிமை இல்லாதவங்க எல்லாம், 1816ல ஆரம்பிச்சு 1879 வரைக்கும். கல்லு ஒண்ணு கிடையாது. மார்ஷலும் அடிமைங்க வச்சிருந்தவருதான். அந்தப் பக்கம் சுத்துச்சுவர், இந்தப் பக்கம் லாரி சத்தம். மாப்ள போட்டோ எடுக்கவான்னாரு, எதை எடுப்பீங்கன்னேன்.

அஞ்சாம் நாள், சார்லட்ஸ்வில்

ரிச்மண்ட்ல ஓட்டல்ல தங்கி காலைல கிளம்பினோம். இங்க ஜட்ஜு யாரையும் பாக்க வரல.

ஓக்வுட் கல்லறை, ஊருக்குச் சொந்தமான சாதாரணக் கல்லறை, போர்டு கீர்டு ஒண்ணும் இல்ல, முக்கா மணி நேரம் வெயில்ல தேடுனோம். கேரி பக். ஒரு ஏழைப் பொண்ணு, வளர்த்தவங்களோட சொந்தக்காரப் பையன் ஒருத்தன் கெடுத்து வயித்துல புள்ள வந்துருச்சு, அந்த வீட்டுக்காரங்களே இவ புத்தி சரியில்லாதவன்னு சொல்லி, காலனின்னு பேரு வச்ச ஒரு அரசாங்கக் காப்பகத்துல அடைச்சிட்டாங்க. இப்படிப்பட்டவங்களுக்குக் கட்டாயக் கருத்தடை பண்ணலாம்னு வர்ஜீனியா 1924ல சட்டம் போட்டுச்சு, அந்தச் சட்டம் செல்லுமான்னு சோதிக்கறதுக்கு இந்தப் பொண்ணை வச்சே ஒரு கேஸ் ஜோடிச்சாங்க. இவளுக்காக ஆஜரான வக்கீலு அதே காலனில முன்னாடி போர்டு மெம்பரா இருந்தவரு, எதிர்க்கட்சி வக்கீலோட பால்ய சிநேகிதர். சரியா ஒரு சாட்சி கூட விசாரிக்கல. கோர்ட்டு வராந்தாவுல நான் பாக்காத கூத்து இல்ல, ஆனா இதைப் படிச்சப்ப வயிறு எரிஞ்சது.

1927 மே 2. எட்டுக்கு ஒண்ணு. எழுதுனது ஹோம்ஸ். அம்மா, மக, பேத்தி, மூணு தலைமுறை மந்தபுத்தி போதும்னு ஒரு வரி. கூட ஒத்துக்கிட்டவங்கள்ல டாஃப்டும் உண்டு. முதல் நாள் நான் கையெடுத்துக் கும்பிடாத குறையா நின்ன அதே ரெண்டு கல்லு. அஞ்சு மாசத்துல ஆபரேஷன் பண்ணிட்டாங்க. கேரியோட தங்கச்சிக்கும் பண்ணாங்க, அப்பெண்டிக்ஸ்னு பொய் சொல்லி, அவங்க புருஷன் பொஞ்சாதி ஏன் நமக்குப் புள்ள இல்லன்னு கிழவியாகற வரைக்கும் தெரியாம இருந்திருக்காங்க. வர்ஜீனியால மட்டும் 8,000 பேருக்கு மேல.

அந்த மூணாம் தலைமுறை, கேரியோட மக விவியன், இதே கல்லறைலதான் இருக்கா. ஸ்கூல்ல நல்லாப் படிக்கிற பிள்ளைங்க லிஸ்ட்ல அவ பேரு வந்திருக்கு. 1932ல எட்டு வயசுல நோய் வந்து செத்துப்போச்சு. கேரி 1983 வரைக்கும் இருந்தாங்க. 2002ல கவர்னர் மன்னிப்பு கேட்டாரு.

கல்லுல பேரும் தேதியும்தான். ஆர்லிங்டன்ல பாத்த மாதிரி ஒரு கூழாங்கல்லு எடுத்து வச்சேன், அவங்க யூதர் இல்ல, தெரியும், பூ வாங்கிட்டு வரத் தோணல, வேற என்ன வைக்கறது.

வீட்டம்மா கேட்டா, "இந்தம்மா எந்தக் கோர்ட்டு ஜட்ஜு?"

சொன்னேன். நின்னுக்கிட்டே முழுசாக் கேட்டா.

"எட்டு பேரும் சரின்னுட்டாங்களா?"

"ஆமா."

"அந்த ஒருத்தர் யாரு?"

"பியர்ஸ் பட்லர். ஒத்துக்கலன்னு மட்டும் சொன்னாரு, காரணம் எழுதல."

"அவரு சமாதி எங்க இருக்கு?"

மினசோட்டா, செயின்ட் பால்னேன். மாப்ள மேப்பைப் பாத்துட்டு ஆயிரம் மைலுக்கு மேல காட்டுது மாமான்னாரு. மத்தியானம் ஒரு மணி ஆயிருந்துச்சு, மக காலைல கட்டிக் குடுத்த தயிர்சாதம் கார் சூட்டுல புளிச்சிருக்கும், முதல்ல ஏதாவது மர நிழல் பாத்து வண்டிய நிறுத்துங்கன்னா வீட்டம்மா.